கார்டன் சிட்டிக்கு வரலாமா என்று கேட்ட தங்கைக்கு

மருத்துவரான வீட்டுக்காரருக்கு ஜே-1 வெய்வரில் (பயிற்சி விசாவில் வந்த மருத்துவர் ஊர் திரும்பாமல், மருத்துவர் பற்றாக்குறையுள்ள இடத்தில் வேலை பார்க்கக் கிடைக்கும் விலக்கு) அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் கார்டன் சிட்டியில் வேலை கிடைத்திருக்கிறது, மூன்று வருடம் இருந்தே ஆகவேண்டும், நான்கு வயதுப் பிள்ளையோடு அங்கே வாழ முடியுமா அக்கா, நம்ம ஆட்கள் இருப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். நாங்களும் அதே வெய்வரில் வந்தவர்கள்தான். மூன்று வருடத்தில் கிளம்பிவிடப் போகிறோம் என்று பாதிப் பெட்டிகளைப் பிரிக்காமலே வைத்திருந்தோம், இப்போது பத்தாவது வருடம் ஓடுகிறது. வாழ முடியும், தைரியமாக வாருங்கள்.

முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே எல்லாமே தூரம்தான். பெரிய நகரமான விச்சிட்டாவுக்குக் காரில் மூன்றரை மணி நேரம், டென்வருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். கோவில், இந்திய மளிகை எல்லாம் விச்சிட்டாவில். டல்லஸுக்குச் சின்ன விமானம் உண்டு. சிகாகோ - லாஸ் ஏஞ்சல்ஸ் ரயிலும் நின்று போகும், ஆனால் நேரங்கெட்ட நேரத்தில். என் மகளுக்குக் காதில் பிரச்சினை வந்தபோது சிறப்பு மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்து, ஒவ்வொரு முறையும் போக வர ஏழு மணி நேரம் ஓட்டினோம். அதனால் வந்த முதல் மாதமே நீங்கள் ஓட்டுநர் உரிமம் எடுத்துவிடுங்கள். அவர் இரவுப் பணியில் இருக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரை எதிர்பார்ப்பீர்கள்?

அப்புறம் உங்கள் வேலை. இப்போது ஜே-2வில் (ஜே-1காரரின் துணைக்கான விசா) வேலை பார்க்கிறீர்கள் என்றால், அவர் எச்-1பி என்ற வேலை விசாவுக்கு மாறியதும் நீங்கள் அதன் துணை விசாவான எச்-4 ஆகிவிடுவீர்கள், அவருடைய ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) ஒப்புதல் வரும்வரை உங்களால் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. எனக்கு இதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை, அந்த இரண்டு வருடம் வீட்டுக்குள் அழுதிருக்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கிரீன் கார்டு வேலையை எப்போது தொடங்குவார்கள் என்று மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் நடக்காது.

நம்ம ஆட்கள் என்றால், தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், பெரும்பாலும் மருத்துவர்கள், வந்து வந்து போவார்கள். ஆனால் இது வெள்ளைக்காரர்கள் மட்டுமே இருக்கும் கிராமம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஊர் இருக்கும் ஃபின்னி கவுண்டி (மாவட்டம் மாதிரி) முழுவதுக்கும் 2020 கணக்கெடுப்பில் 38 ஆயிரத்துச் சொச்சம் பேர், அதில் ஏறக்குறைய பாதி ஸ்பானிய மொழிப் பின்னணி கொண்டவர்கள். பக்கத்தில் ஹோல்கம்பில் 1980இல் பெரிய மாட்டிறைச்சி ஆலை ஒன்று திறந்தது, அதற்குப் பின் வியட்நாமியர், மெக்சிகர், சோமாலியர், பர்மியர் என்று அலை அலையாக வந்திருக்கிறார்கள். நாங்கள் வந்த புதிதில், 2016 அக்டோபரில், சோமாலியர்கள் குடியிருந்த அடுக்குமாடிக்குக் குண்டு வைக்கத் திட்டமிட்ட மூன்று பேரை எஃப்.பி.ஐ. பிடித்தது, பிறகு மூவருக்கும் 25 வருடத்துக்குக் குறையாத சிறை. அன்றைக்கு நான் பயந்து நடுங்கிப் போனேன், மறைக்க மாட்டேன். ஆனால் இத்தனை வருடத்தில் கடையிலோ பள்ளிக்கூடத்திலோ ஒருவர்கூட என்னை முகம் சுளித்துப் பார்த்ததில்லை. புது முகங்கள் இந்த ஊருக்குப் பழகிப்போனவை.

வேலை இல்லாத அந்தக் காலத்தில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் சம்பளமில்லாமல் உதவப் போனேன், அதுதான் என்னைக் காப்பாற்றியது. ஆலையில் இரவு முழுக்கக் கத்தி பிடித்து வெட்டிவிட்டு, வீங்கின விரல்களோடு காலையில் வந்து எழுத்துக் கூட்டும் பெண்களைப் பார்த்தபின் என் கவலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அங்கே பழகின ஒரு சோமாலி அம்மா சம்பூசா செய்து கொண்டுவந்தார், பார்த்தால் நம்ம சமோசாதான். என் இரண்டாவது பிரசவத்தில் சோறு பொங்கிப் போட்டது அவர்தான். நம்ம ஆட்களை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் நீங்கள் தனியாகிவிடுவீர்கள் தங்கச்சி.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பச்சை மிளகாய், கொத்தமல்லி, புளி, மாம்பழம் மெக்சிகோ கடைகளில் கிடைக்கும், அரிசிக்கு ஆசியக் கடை இருக்கிறது. பருப்பும் இட்லி அரிசியும் மட்டும் விச்சிட்டாவிலிருந்து மூட்டையாக வாங்கி வருவோம். கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வையுங்கள், அக்டோபரில் மறக்காமல் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

காற்று ஓயாது. கோடையில் 38 டிகிரியைத் தாண்டும், குளிர்காலத்தில் பனிப்புயல் வந்தால் நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். சூறாவளிச் சங்கு ஊதினால் பதுங்க இடம் வேண்டும், அதனால் நிலவறை உள்ள வீடாகப் பாருங்கள். ஊரைத் தொட்டு ஆர்கன்சா ஆறு என்று ஒன்று, பெரும்பாலும் வெறும் மணல்தான். மேலே கொலராடோவில் தண்ணீரை எடுத்துவிடுகிறார்கள், கீழே நிலத்தடி நீரைப் பாசனத்துக்கு உறிஞ்சுகிறார்கள். மதுரையில் வறண்ட வைகையைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதல் நாள் அந்தப் பாலத்தில் நின்றபோது தொண்டை அடைத்தது.

நாற்றத்தையும் சொல்லவேண்டும். சுற்றிலும் ஆயிரக்கணக்கான மாடுகளை அடைத்துக் கொழுக்க வைக்கும் பட்டிகள், காற்று திரும்பினால் ஊரே நாறும். அதனால் வீடு பார்க்க வரும்போது ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாள் தங்கி, காலையிலும் மாலையிலும் அந்த வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.