4 வயதில் ஃபாலோ இதய ஆபரேஷன், 24 வயதில் செக்கப் எதற்கு?

தம்பி, 4 வயதில் ஃபாலோ டெட்ராலஜிக்கு (இதயக் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியில் அடைப்பு எனச் சேர்ந்து வரும் பிறவிக் குறை) ஆபரேஷன் முடிந்தது, இப்போது 24, மூச்சுகூட வாங்கவில்லை, பிறகு எதற்கு செக்கப் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். அப்போது மூடிய ஓட்டையைப் பற்றிப் பெரும்பாலும் கவலையில்லை. சிக்கல், இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் வாசலான நுரையீரல் வால்வில். அடைப்பை அகலப்படுத்தியதில் பலருக்கு அது கசியும். கசிந்து திரும்பும் ரத்தத்தால் இதயத்தின் வலது கீழறை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் பெரிதாகும். அதை அளக்க எக்கோவைவிட இதய எம்ஆர்ஐ நம்பகமானது. ஈசிஜியில் க்யூஆர்எஸ் (கீழறைகளில் மின்தூண்டல் பரவுவதைக் காட்டும் அலை) அகலம் 180 மில்லிசெகண்டைத் தாண்டினால் ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கு வாய்ப்பு கூடும். படபடப்பு, மயக்கம் என்றால் உடனே போங்கள். வால்வு மாற்றச் சொன்னாலும் மிரள வேண்டாம். 2000 முதல் தொடை ரத்தக்குழாய் வழியாகவும் பொருத்துகிறார்கள், எல்லோருக்கும் பொருந்தாது என்பது வேறு. பிறவி இதயக் குறையுள்ள பெரியவர்களைப் பார்க்கும் டாக்டராகத் தேடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காதீர்கள். அடைப்பை அகலப்படுத்த வால்வு வளையத்தின் குறுக்கே பேட்ச் (ஒட்டுத்துண்டு) வைத்தார்களா என்று அவர் முதலில் அதில்தான் பார்ப்பார்.