பெயரை முதலில் எழுதுங்கள், பிரேமைப் பிறகு போடுங்கள்

கேள்வி: "மகளின் பெயரைத் தமிழில் எழுதி, சுற்றிலும் அலங்கார பிரேம் போட்டு, பிரிண்ட் எடுத்து ஹாலில் மாட்ட வேண்டும். போட்டோஷாப் ஓரளவு தெரியும். ஆனால் எழுத்து உடைகிறது, தங்க நிறமும் சரியாக வரவில்லை. எப்படிச் செய்வது?"

நான் டிசைனர் இல்லை. படிக்கும் காலத்தில் இரண்டு வருஷம் ஒரு டிடிபி கடையில் மாலை நேர வேலை பார்த்தேன், அவ்வளவுதான். அந்த வேலைக்குத் தண்டனையாக இன்று வரை சொந்தத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பெயர் டிசைன் என் தலையில் விழுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் நெட்டில் ஒரு பிரேம் படத்தை இறக்கி, அதற்குள் பெயரைத் திணிக்கப் பார்க்கிறார்கள். ஆங்கிலப் பெயருக்கு அது ஓடிவிடும். தமிழில் ஒரு பெயருக்கு மேலே புள்ளி இருக்கும், இன்னொன்றுக்குக் கீழே வால் தொங்கும், மற்றொன்று அகலத்தில் நீண்டுகொண்டே போகும். பெயரின் உருவத்தைப் பார்த்துத்தான் பிரேமின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

என் தங்கை மகளுக்குப் பெயர் கொற்றவை. பெயர் சூட்டும் விழாவுக்கு வாசல் மேஜையில் வைக்க ஒரு படம் கேட்டாள். இரவு முழுக்க உட்கார்ந்து செய்தேன். என் கணினியில் அருமையாக இருந்தது. கோப்பை லேயரோடு, அதாவது எழுத்தும் பிரேமும் தனித்தனி அடுக்காக இருக்கும்படி, அப்படியே ஒரு கடைக்கு அனுப்பிவிட்டேன். அவர்களிடம் இருந்தது போட்டோஷாப்பின் பழைய பதிப்பு. திறந்ததும் எழுத்து லேயரைப் புதுப்பிக்கவா என்று அது கேட்டிருக்கிறது, அவர்களும் சரி என்று அழுத்திவிட்டார்கள். பிரிண்டைப் பிரித்தால் 'க' முதலில் நிற்கிறது. அதற்கு முன்னால் வரவேண்டிய கொம்பும் பின்னால் வரவேண்டிய காலும் ஜோடியாகப் பின்னாலேயே நிற்கின்றன, நடுவில் ஒரு ஓட்டை. கடைசியில் 'வ' தனி, இணைக்கொம்பு தனி. தங்கை பார்த்துவிட்டு, "அண்ணே, இது யாரு பேரு?" என்றாள்.

காரணம் இதுதான். கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ' என்பது முதலில் க, பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னுக்குக் கொண்டுவந்து, காலைப் பின்னால் வைத்து வரைவது மென்பொருளின் வேலை. பழைய போட்டோஷாப்புக்கு அந்த வேலை தெரியாது. டிடிபி கடைகளில் பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத எழுத்துருக்கள் இன்னமும் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவற்றில் கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பதால் எதுவும் இடம் மாறாது.

போட்டோஷாப்பில் எடிட் மெனு, பிரிஃபரன்சஸ், டைப் என்று போங்கள். அங்கே மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்று ஒரு தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிட்டு, புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து எழுதிப் பாருங்கள். அப்படியும் உடைந்தால் பாராகிராஃப் பலகத்தின் மெனுவில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். போட்டோஷாப்பே வேண்டாம் என்றால் கிம்ப் என்ற மென்பொருள் போதும். இலவசம், தமிழும் அதில் உடையாது. எதில் செய்தாலும் பெயர் முடிவானதும் அதன் ஒரு நகலை வெறும் உருவமாக மாற்றிவிடுங்கள். போட்டோஷாப்பில் கன்வர்ட் டு ஷேப், கிம்பில் பாத் ஃப்ரம் டெக்ஸ்ட். அதன்பின் எந்தக் கடைக்காரர் எதை அழுத்தினாலும் கொம்பு நகராது.

எழுத்துருவுக்கு கூகுள் ஃபான்ட்ஸில் மீரா இனிமை, கவிவனார், பலூ தம்பி, அரிமா எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. குழந்தைப் பெயருக்கு பலூ தம்பியின் குண்டு எழுத்து நன்றாக இருக்கும். பிரேமில் வேலைப்பாடு அதிகம் என்றால் எழுத்து எளிமையாக இருக்கட்டும். இரண்டும் ஆடினால் பெயரைத் தேட வேண்டியிருக்கும். எழுத்தைச் சுற்றி ஸ்ட்ரோக், அதாவது ஓரக்கோடு, போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தடிமனைக் கூட்டிக்கொண்டே போனால் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். சுழிக்குள் பின்னணி நிறம் தெரியும் வரைதான் ஸ்ட்ரோக்.

கோப்பின் அளவு 18க்கு 12 அங்குலம், ரெசல்யூஷன் அங்குலத்துக்கு 300 பிக்சல். அதாவது 5400க்கு 3600 பிக்சல். மரச்சட்டம் ஓரத்தில் கால் அங்குலம் வரை விழுங்கும், அது 75 பிக்சல். ஆகவே உங்கள் அலங்காரக் கோடு ஓரத்திலிருந்து 150 பிக்சலாவது உள்ளே தள்ளி ஆரம்பிக்கட்டும். இதைத் தெரியாமல் ஒருமுறை பிரேமில் போட்ட மாங்காய் வேலைப்பாட்டின் தலையை எல்லாம் சட்டத்துக்குள் தொலைத்திருக்கிறேன்.

இப்போது பெயரை நடுவில் வையுங்கள். அலைன் பொத்தானை நம்ப வேண்டாம். அது புள்ளியின் உச்சியையும் வாலின் நுனியையும் சேர்த்துக் கணக்குப் போடும், கண்ணோ எழுத்தின் உடம்பைத்தான் பார்க்கும். 'ற்ற' வரும் பெயரில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எழுத்துகளின் உடம்புக்கு மேலே ஒரு கைடு (உதவிக்கோடு), கீழே ஒரு கைடு இழுத்து, அந்த இரண்டுக்கும் நடுவை வைத்து அம்புக்குறியால் நகர்த்துங்கள்.

பிரேமுக்கு நான் இறக்குமதிச் சரக்கு எதையும் எடுப்பதில்லை. அம்மாவின் பட்டுப்புடவை பார்டரில் இருந்த மாங்காயை நிழலில் விரித்துப் போட்டுப் படம் எடுத்து, பென் டூலால் கோடு இழுத்து ஷேப் ஆக்கிக்கொண்டேன். ஒரு மூலைக்கு ஒரு பெரிய மாங்காய், அதிலிருந்து இருபுறமும் சின்னதாக மூன்று மூன்று. ஒரு மூலை முடிந்தால் போதும், நகல் எடுத்து ஃப்ளிப் ஹரிசான்டல் (இடம் வலமாக), பிறகு இரண்டையும் சேர்த்து நகல் எடுத்து ஃப்ளிப் வெர்டிகல் (மேல் கீழாக). மூலைகளுக்கு நடுவில் 40 பிக்சல் தடிமனில் ஒரு செவ்வகக் கோடு, அதற்கு உள்ளே கொஞ்சம் இடைவெளி விட்டு 6 பிக்சலில் மெல்லிய கோடு. பிரேம் முடிந்தது.

ஆனால் வரிசை முக்கியம். வெறும் ஷேப்பாக இருக்கும்போதே திருப்பிவிட்டு, அதற்குப் பிறகு பெவல் அண்ட் எம்பாஸ் (புடைப்பு), டிராப் ஷேடோ (நிழல்) போடுங்கள். நான் முதலில் ஒரு மூலைக்கு எல்லா எஃபெக்டும் போட்டு, ராஸ்டரைஸ் பண்ணி, அதாவது வெறும் பிக்சல் படமாக மாற்றி, பிறகு திருப்பினேன். வெளிச்சமும் சேர்ந்து திரும்பிவிட்டது. நாலு மூலைக்கு நாலு சூரியன்! பார்க்கிறவருக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

தங்க நிறம் என்று தனியாக ஒரு நிறம் கிடையாது. மஞ்சளை ஊற்றினால் மஞ்சள்தான் வரும். கருமையும் வெளிச்சமும் மாறி மாறி வரும்போதுதான் கண் அதைத் தங்கம் என்று எடுத்துக்கொள்கிறது. என் கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் நிற வரிசை): கரும்பழுப்பு (110, 70, 15), பொன்மஞ்சள் (215, 165, 60), கிட்டத்தட்ட வெள்ளையான மஞ்சள் (255, 240, 180), மறுபடி பொன்மஞ்சள், மறுபடி கரும்பழுப்பு. இவை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) எண்கள். பின்னணிக்கு அரக்கு அல்லது பாட்டில் கிரீன். ஜரிகைக்கு எது பொருந்தும் என்று நம் ஊர் நெசவாளர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள், நாம் ஆராய வேண்டியதில்லை. எழுத்துக்கு பெவல் ஸ்மூத்தாக, சின்ன அளவில் போதும். சிசல் ஹார்டு போட்டால் தமிழின் வளைவெல்லாம் முனை முனையாகக் கீறிக்கொண்டு நிற்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது தாத்தாவின் எண்பதுக்குச் செய்த படம். அவர் பெயர் அண்ணாமலை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் அந்தப் பெயரில் இரண்டு எழுத்துகள் வேறு மாதிரி இருக்கும். 'லை'க்கு யானைத் துதிக்கை போல மேலே ஒரு வளைவு, 'ணா'வுக்குக் கால் தனியாக நிற்காமல் ண-வோடு சுழித்துக்கொள்ளும். அவர் கல்யாணப் பத்திரிகை பீரோவில் இருந்தது. அதிலிருந்த பெயரை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, பென் டூலால் எழுத்து எழுத்தாக வரைந்தேன். துதிக்கை மேலே எழும்பியதால் பிரேமின் மேல்பக்கத்தில் மாங்காய்களை எடுத்துவிட்டு வெறும் கோடாக விட வேண்டியிருந்தது. பெயர்தான் பிரேமை முடிவு செய்யும் என்று சொன்னேனே, அது அன்றைக்குத்தான் உறைத்தது.

பிரிண்டுக்கு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போகாதீர்கள். சிஎம்ஒய்கே என்கிற நாலு நிற அச்சு மையில் இந்தத் தங்கம் கடுகுக் குழம்பு நிறத்துக்குப் போய்விடும். போட்டோ லேப்பில் கொடுங்கள். ஃப்ளாட்டன் செய்து (லேயர்களை ஒன்றாக்கி), எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில், உச்சத் தரத்தில் ஜேபெக்காக எடுத்துப் போங்கள். கண்ணாடி போட்டு மாட்டப் போகிறீர்கள் என்றால் மேட் பேப்பர் கேளுங்கள். கடைசியாக, கலர் கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம் என்று கவுன்டரிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் முகத்தைப் பளிச்சென்று ஆக்குகிற பழக்கத்தில் உங்கள் அரக்கையும் வெளுக்க வைத்துவிடுவார்கள்.