மருத்துவம் – கேள்வி பதில்: சிகிச்சைக்குப் பின்னும் விடாத பயம்

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு பரிசோதனையிலும் ‘ஒன்றுமில்லை’ என்றே சொல்கிறார்கள். ஆனாலும் மதுரைக்குப் போகவேண்டிய நாள் நெருங்கினால் அவர் உறங்குவதில்லை. முதுகு வலித்தால்கூட நோய் திரும்பிவிட்டது என்று கலங்குகிறார். பங்காளி வீட்டு விசேஷங்களுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். தை மாதம் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபதாம் கல்யாணம் வைத்திருக்கிறோம். அன்று பூட்டவேண்டிய கழுத்திருவை (எங்கள் பெரிய தங்கத் தாலியை) எடுத்துக் காட்டினால், ‘அதுவரை நான் இருக்க வேண்டுமே’ என்கிறார். தைரியமாக இருக்கும்படி எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டோம். என்ன செய்வது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தைரியம் சொல்வதை முதலில் நிறுத்திவிடுங்கள். வீட்டில் எல்லோரும் அதையே சொன்னால், பயத்தை வெளியே சொல்வதே தவறு என்று எண்ணி அவர் இன்னும் ஒதுங்கிவிடுவார்.

நோய் திரும்பிவிடுமோ என்ற அச்சம், புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது; ஸ்கேன் அறிக்கை அதைக் காட்டாது. அதனால்தான் வாழ்க்கைத் தரத்தை நோயாளியிடமே கேட்டு அளக்கும் வினாத்தாள்களை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். 1993-இல் வெளியான ஐரோப்பிய வினாத்தாளில் 30 கேள்விகள் உள்ளன. கடந்த ஒரு வாரத்தில் உறக்கம் எப்படி இருந்தது, கவலை இருந்ததா, நோயும் சிகிச்சையும் குடும்ப வாழ்க்கைக்கும் நாலு பேரோடு பழகுவதற்கும் இடைஞ்சலாக இருந்தனவா, பணத்துக்குச் சிரமப்பட்டீர்களா என்றெல்லாம் அது விசாரிக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கென்றே தனியாக உள்ள 23 கேள்விகள், தன் உடலைப் பற்றிய எண்ணத்தையும் கையின் வீக்கம், வலியையும் எதிர்கால உடல்நலம் குறித்த கவலையையும் தொடுகின்றன. நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதி இவற்றுக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த அச்சத்துக்கு வைத்தியமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மார்பகம், பெருங்குடல், மெலனோமா (ஒருவகைத் தோல் புற்று) ஆகிய புற்றுநோய்களிலிருந்து மீண்டு, நோய் திரும்பும் அச்சம் மிகுந்திருந்த 222 பேரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினருக்கு ஐந்து அமர்வுகளாக உளவியல் சிகிச்சையும் மற்றவர்களுக்குத் தளர்வுப் பயிற்சியும் அளிக்கப்பட்டன; உளவியல் சிகிச்சை பெற்றவர்களுக்கே அச்சம் கூடுதலாகக் குறைந்தது, ஆறு மாதம் கழித்தும் அந்த வேறுபாடு நீடித்தது. பயமே வராமல் தடுப்பது அந்தச் சிகிச்சையின் நோக்கமன்று. வரும் எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல் அதைக் கடந்துபோக விடுவதற்கும், உடம்பை அளவோடு கவனிப்பதற்கும், தமக்கு முக்கியமானவற்றில் மறுபடி ஈடுபடுவதற்கும் அது பழக்குகிறது.

அடுத்த பரிசோதனையின்போது, எந்த அறிகுறி எத்தனை நாள் நீடித்தால் வரவேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதுகு வலிக்கும்போதெல்லாம் வீட்டில் விவாதம் நடக்க வேண்டியதில்லை. மனவேதனையைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை குறிக்கும் ‘வெப்பமானி’ அளவுகோலில் நான்கோ அதற்கு மேலோ வந்தால், மேலும் விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். உளவியல் ஆலோசகரிடம் அனுப்பும்படி நீங்களே கேளுங்கள். அலைய முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கழுத்திரு விஷயத்தில் என் எண்ணம்: அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மறுப்புக்குக் காரணம் சாவு பயம் மட்டும்தானா என்று கேட்டுப் பாருங்கள். அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் தோளும் கையும் கனக்கலாம். தழும்பின்மீது அவ்வளவு பொன் அழுந்துவதும், உறவினர் முன் ரவிக்கை சரியாகப் பொருந்தாததும் அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். பூட்டும் நேரத்துக்கு மட்டும் அணிந்து கழற்றிவிடலாம் என்றால் பாதி மறுப்பு போய்விடக்கூடும்.

கேள்வி: மனம் தளர்ந்தால் நோய் திரும்பும் என்று உறவினர்கள் அம்மாவை மிரட்டுகிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: அவர்களைச் சற்று அடக்கிவையுங்கள். நோய் பரவிய நிலையிலிருந்த மார்பகப் புற்றுநோயாளிகள் குழு ஆலோசனையால் கூடுதல் காலம் வாழ்ந்ததாக 1989-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது உண்மைதான். ஆனால் 2001-இல் வெளியான பெரிய கனடிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. 1989 ஆய்வை நடத்தியவரே மீண்டும் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்விலும் மொத்தத்தில் கூடவில்லை. கனடிய ஆய்வில், தொடக்கத்தில் அதிக வேதனையில் இருந்த பெண்களுக்கு மனவேதனையும் வலியும் குறைந்தன. ஆலோசனைக்குப் போக அந்த ஒரு காரணமே போதும். பயந்ததால் நோய் திரும்பியது என்று எவரும் உங்கள் அம்மாவின் தலையில் பழியைக் கட்ட இந்த ஆய்வுகளில் இடமில்லை.