பிள்ளைக்கு பிபி மெஷின் வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: 9 வயது மகனுக்கு ரத்த அழுத்தம் அதிகம், வீட்டிலும் பார்த்து எழுதி வாருங்கள் என்றார் டாக்டர். கடையில் 'எல்லா வயதுக்கும் இதுதான்' என்று ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். எப்போதும் குறைவாகவே காட்டுகிறது. நம்பலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: நம்பாதீர்கள் அம்மா. தப்பு உங்கள் மேல் இல்லை, அப்படிச் சொல்லி விற்றவர் மேல். பெட்டியோடு வரும், கையில் சுற்றும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. ஒல்லியான பிள்ளைக்கு அது பெரிதாகிவிடும்; இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். பருமனான பிள்ளைக்குப் பட்டை சிறிதாகப் போனால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். ஒரு வீட்டில் நோய் மறைந்துபோகிறது, இன்னொரு வீட்டில் வீண் பயம். விலையும் வாரண்டியும் பேசுகிற கடைகளில் பிள்ளையின் கையை அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. இந்தக் கோபம் எனக்குத் தீரவே இல்லை.

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பட்டையின் மேல் எத்தனை செ.மீ. கைக்கு என்று அச்சிட்டிருக்கும். சிறுவர் பட்டை தனியாகக் கிடைக்காத மெஷின் வேண்டாம். குழந்தைகளிடம் சோதித்துச் சரிபார்த்த மாடலா என்றும் கேளுங்கள். வாங்கியதும் டாக்டரிடம் கொண்டுபோய் அவருடைய கருவியோடு ஒப்பிட்டுவிடுங்கள். எண்ணுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் 2017 வழிகாட்டியில் 13 வயதிலிருந்துதான் 130/80 என்ற பொது எல்லை வருகிறது. 13 வயதுக்குக் கீழே என்றால் வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து அட்டவணையில் தேட வேண்டும்.

பில் இருக்கிறதல்லவா? கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

கேள்வி: மணிக்கட்டில் கட்டும் மெஷின் மலிவாக இருக்கிறதே, 12 வயது மகளுக்கு வாங்கலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். நான் வாங்கியது கையை இறக்கினால் ஓர் எண், உயர்த்தினால் வேறோர் எண் காட்டியது. விற்ற கடை திரும்ப எடுக்கவும் இல்லை.

கேள்வி: டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். 'காய்கறிச் சத்து நிறைந்தது' என்று போட்டிருந்ததால் சலுகை விலையில் ஒரு பெட்டி நூடுல்ஸ் வாங்கிவிட்டேன். பையன் தினமும் ஒரு பாக்கெட் சாப்பிடலாமா? – வாசகர், மதுரை

பதில்: வாங்கிய பிறகு கேட்கிறீர்களே! முன்பக்கம் விளம்பரம், விவரம் எல்லாம் பின்பக்கம். அங்கே சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமில் 1000 மில்லிகிராம் என்றிருந்தால், 70 கிராம் பாக்கெட்டில் 700. அதை இரண்டரையால் பெருக்கினால் 1.75 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. தினமும் கூடாது.

கேள்வி: பிள்ளைக்காக இந்துப்புக்கு மாறலாமா? இல்லை, சோடியம் குறைந்த உப்பா? – வாசகி, கோவை

பதில்: இந்துப்பிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். விலை மட்டும் கூடுதல். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்ப்பார்கள். சிறு பிள்ளைகளின் ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீரகக் கோளாறு காரணமாக இருக்கலாம், அப்போது பொட்டாசியம் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2025இல் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் குழந்தைகளைச் சேர்க்கவில்லை. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: 15 வயது மகன் பரீட்சை நேரத்தில் எனர்ஜி டிரிங்க் கேட்கிறான். – வாசகர், திருநெல்வேலி

பதில்: குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று கேனிலேயே அச்சிட்டிருக்கிறது. வாங்கித் தராதீர்கள்.