12,000 ரூபாய்க்கு ‘அமெரிக்க ஒரிஜினல்’ கிற்றார் பிக்கப் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) வடிவச் சீனத் தயாரிப்புக் கிற்றார் ஒன்று இருக்கிறது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்கள் அதில் மூன்று: பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்), மற்ற இரண்டும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). 15 வாட்ஸ் அம்ப்ளிபயரில் வாசிக்கிறேன். ஏசி/டிசி, லெட் செப்லின், பிளாக் சபாத் போன்ற எழுபதுகளின் ஹார்ட் ராக் ஒலி எவ்வளவு முயன்றும் வரவில்லை. ஒலி மெலிந்து, இரைச்சலோடு வருகிறது. வவுனியாவில் ஒருவர் 16 கிலோ ஓம் உள்ள ‘அமெரிக்க ஒரிஜினல்’ பிக்கப்பை 12,000 ரூபாய்க்குப் பூட்டித் தருவதாகச் சொல்கிறார். பழைய பிக்கப்பைக் கொடுத்தால் 2,000 குறைப்பாராம். வாங்கலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: வாங்க வேண்டாம், தம்பி. பழைய பிக்கப்பையும் அவரிடம் கொடுக்க வேண்டாம்.

முதலில் விலையைப் பாருங்கள். பெயர் பெற்ற அமெரிக்க நிறுவனங்களின் ஹம்பக்கர் ஒன்று அவர்கள் நாட்டுக் கடையிலேயே நூறு டொலரை ஒட்டித்தான் விற்கிறது. நம் பணத்தில் அது முப்பதாயிரம் ரூபாய். அதன் பிறகு தபால் செலவு, அதன் பிறகு வரிகள். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி மட்டுமே 18 சதவீதம். கிற்றாருக்குள் போகும் ஒரு சிறிய செப்புக் கம்பிச் சுருளுக்கும் ஆடம்பரப் பொருளுக்கும் இந்த நாட்டின் வரிப் பட்டியலுக்கு வித்தியாசம் தெரியாது. உதிரிப்பாகம் ஒன்றை நேர்வழியில் எடுக்க நினைக்கிற பையனைக் களைக்க வைத்து, கடைசியில் இப்படிப்பட்ட தரகர்களின் வாசலில் கொண்டுபோய் விடுவது இந்த முறைதான். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் 12,000 ரூபாய்க்கு அமெரிக்க ஒரிஜினல் எங்கிருந்து வரும்? பெட்டியும் ஸ்டிக்கரும் அச்சகத்தில் கிடைக்கும். அவர் விற்பது பெரும்பாலும் அந்த இரண்டையும்தான்.

பழையதை எடுத்துக்கொண்டு விலை குறைப்பது இன்னொரு தந்திரம். பழையது உங்கள் கையில் இல்லையென்றால் ஒப்பிட்டுக் கேட்க வழி இல்லை. புதியது மோசமாக இருந்தாலும் திரும்பிப் போக முடியாது. கழற்றிய அந்தப் பிக்கப் அடுத்த வாரம் வேறொருவரின் கிற்றாருக்குள் வேறொரு பெயரில் போய் உட்காரும். யாரிடம் வேலை கொடுத்தாலும், கழற்றியதை உறையில் போட்டுத் திரும்பத் தரும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

இனி அந்த 16 கிலோ ஓம் கதை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்குப் பிக்கப்பை விளக்கத் தேவையே இல்லை. டைனமோவில் சுருளுக்கு அருகே காந்தம் சுழல்கிறது. பிக்கப்பில் காந்தம் அசையாது. அதற்கு மேலே உருக்குத் தந்தி அதிர்கிறது. இரண்டிலும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஓம் என்பது அந்தச் சுருளில் உள்ள கம்பியின் நீளத்தையும் பருமனையும் சொல்லும் எண், அவ்வளவுதான். அதே எண்ணிக்கைச் சுற்றை ஒரு படி மெல்லிய கம்பியில் சுற்றினால் ஓம் கால் பங்கு அளவு ஏறிவிடும். ஒலி அப்படி ஏறாது. எண்ணைப் பெரிதாகக் காட்டி விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

மல்டிமீற்றரை வைத்து உங்கள் கண்முன்னே அளந்து காட்டினாலும் மயங்கிவிடாதீர்கள். செம்பு சூடானால் தடை கூடும். குளிர்நாட்டு மேசையில் 8.0 காட்டும் சுருள், சித்திரை மாதத்துக் கிளிநொச்சியில் 8.4 அல்லது 8.5 காட்டும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை வைத்து ஒரிஜினல், போலி என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

உண்மையில் நீங்கள் தேடும் ஒலிக்கு எவ்வளவு வேண்டும்? கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்த முதல் ஹம்பக்கருக்கு 1955இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள், 1959இல்தான் கிடைத்தது. 1957 முதல் கிற்றார்களில் பூட்டப்பட்ட அந்தப் பிக்கப்களின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற சிறிய ஸ்டிக்கர் இருக்கும். அந்தச் சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பிஏஎஃப்’ என்பார்கள். அவை ஒரு சுருளுக்கு ஏறத்தாழ 5,000 சுற்று, அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம், மொத்தத் தடை 7.5 முதல் 8.5 கிலோ ஓம் வரை. லெட் செப்லினின் ஜிம்மி பேஜ் 1969இல் வாங்கிய 1959ஆம் ஆண்டு லெஸ் பால் கிற்றாரில் இருந்தவை இவைதான். ஏசி/டிசியின் அங்கஸ் யங்கின் எஸ்ஜி கிற்றாரிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மிதமான ஹம்பக்கர்கள்தான். அந்தத் தடித்த ஒலியைக் கொடுத்தது உச்சத்தில் வைத்த மார்ஷல் வால்வு அம்ப்ளிபயர். பிக்கப் செய்தது, விரலின் அழுத்தத்தைக் குழப்பாமல் அதற்குக் கொண்டுபோய்க் கொடுத்தது.

சுற்று கூடக்கூட மேல்ஸ்தாயி மங்கும், நடுப்பகுதி புடைக்கும். அந்தக் காலத்து வால்வு அம்ப்ளிபயரை முட்டித் தள்ளுவதற்கு அது பயன்பட்டது. 1972இல் டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டோர்ஷன் என்ற பிக்கப் வந்தது அதற்காகத்தான். உங்களுடைய 15 வாட்ஸ் அம்ப்ளிபயரில் கெயின் குமிழை ஏற்றினாலே வேண்டிய அளவுக்கு உடைப்பு (ஒலி உடைந்து கரகரப்பது) இருக்கிறது. அதற்கு முன்னால் 16 கிலோ ஓம் பிக்கப்பை வைத்தால், மூன்று தந்தி சேர்த்து அடிக்கும் கோர்ட் ஒரே சேற்றுக் குவியலாக வரும். மெலிவு தீராது, தெளிவும் போய்விடும்.

ஆகவே புதிதாக வாங்குவதானால் அல்னிகோ 2 அல்லது 5 ரகக் காந்தம், எட்டிலிருந்து ஒன்பது கிலோ ஓம் வரை, நான்கு கம்பி வெளியே வருவது. பெயர் இல்லாத நல்ல கொரிய, சீனத் தயாரிப்பே போதும். வாங்குமுன் ஒரே ஒரு அளவு எடுங்கள்: ஹம்பக்கருக்கு நேர் மேலே முதல் தந்தியின் நடுவிலிருந்து ஆறாம் தந்தியின் நடுவரை. 49, 50 மில்லிமீற்றர் என்றால் சாதாரண அகலம். 52, 53 என்றால் அகன்ற வகை. ஸ்ட்ராட் வடிவக் கிற்றார்களுக்குப் பெரும்பாலும் அகன்றதுதான் பொருந்தும். வால்யூம் கட்டுப்பாடு 500 கிலோ ஓம் ஆக இருக்க வேண்டும். 250 இருந்தால் எந்த ஹம்பக்கரும் கம்பளி போர்த்தியது போலத்தான் பாடும், அதை மாற்றுவது பிக்கப்பை மாற்றுவதைவிட மிக மலிவு.

அல்னிகோ என்று சொல்லி செராமிக் காந்தம் போட்ட மலிவுப் பொருளைத் தலையில் கட்டுவது இன்னொரு வழக்கம். மூடி இல்லாத ஹம்பக்கரைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். இரண்டு சுருள்களுக்கும் அடியில், தகட்டுக்கு மேலே, சட்டம் போன்ற காந்தத்தின் நுனி தெரியும். மல்டிமீற்றரின் இரண்டு முனைகளையும் அந்த நுனியிலேயே பக்கம் பக்கமாக வையுங்கள். அல்னிகோ உலோகம், மின்சாரம் கடத்தும். மீற்றர் பூச்சியத்துக்கு அருகே வரும். செராமிக் கடத்தாது, எதுவும் காட்டாது. விற்பவர் பார்க்கும்போதே செய்யுங்கள். ‘வன்னி வெயிலுக்குக் காந்தம் செத்துவிடும், அதனால் மாற்ற வேண்டும்’ என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். அல்னிகோவின் காந்தம் போக நூற்றுக்கணக்கான பாகை வெப்பம் வேண்டும். பூட்டிய வானுக்குள் வெயிலில் கிற்றாரை விட்டால் சுருளுக்கு ஊற்றிய மெழுகு இளகக்கூடும், அது வேறு விஷயம்.

நீங்கள் பிளாக் சபாத்தைக் குறிப்பிட்டதால் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும். 1970இல் வெளியான அவர்களுடைய முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்யும்போது அவர்களுடைய கிற்றார்காரர் டோனி அயோமியின் ஸ்ட்ராட்டில் பிக்கப் பழுதாகிவிட்டது. அவர் கையில் எடுத்த மாற்றுக் கிற்றார் ஒரு எஸ்ஜி. அதில் இருந்தது ஹம்பக்கர் அல்ல, பி-90 என்ற அகன்ற சிங்கிள் காயில். ஹெவி மெட்டலின் அஸ்திவாரமே ஒற்றைச் சுருளில் போடப்பட்டது என்று இதை வைத்து வாதாடுவார்கள். வாதம் சரிதான். லெட் செப்லினின் முதல் இசைத்தட்டிலும் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் டெலிகாஸ்டர் கிற்றாரைத்தான் வாசித்தார், அதுவும் ஒற்றைச் சுருள்தான். பி-90இன் உறுமலில் ஹம்பக்கருக்கு வராத ஒரு கரகரப்பு இருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஹம்பக்கர் குழிக்குள்ளேயே உட்காரக்கூடிய பி-90களும் விற்பனைக்கு இருக்கின்றன. மரத்தைச் செதுக்கத் தேவையில்லை.

ஆனால் ஒற்றைச் சுருள், 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் ஓடும் எதன் அருகிலும் முனகும். அயோமி வாசித்தது லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில். நீங்கள் வாசிப்பது பக்கத்து வளவில் நீர்ப்பம்பியும், அடுத்த தெருவில் அரிசி ஆலையும் ஓடுகிற இடத்தில். கோயில் திருவிழா மேடை என்றால் காலடியில் மின்பிறப்பாக்கி, தலைக்கு மேலே வரிசை விளக்கு. வீட்டில் தனியாக வாசிக்கும்போது நாற்காலியை மெல்லத் திருப்பிப் பார்த்தால் ஏதோ ஒரு கோணத்தில் முனகல் அடங்கும். அந்தக் கோணத்தில் அமர்ந்து வாசிக்கலாம். மேடையில் அப்படி ஒரு திசையைப் பார்த்தபடி நிற்க முடியாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வால்யூமைக் குறைக்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டது, வாசிப்பதும் வீட்டில்தான் என்றால் பி-90 வாங்குங்கள். இல்லையென்றால் ஆசையை ஒத்திவைத்து, ஹம்பக்கரோடு இருங்கள்.

இரைச்சலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக வேலை செய்து காற்றில் வரும் முனகலைத்தான் வெட்டும். எர்த் சரியில்லாத வீட்டின் இரைச்சலை எந்தப் பிக்கப்பாலும் வெட்ட முடியாது. தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைந்தால் கிற்றாரின் உள்வயரிங் ஓரளவு சரி. தொட்டும் எந்த மாற்றமும் இல்லாவிட்டால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பி அறுந்திருக்கலாம். தந்தியும் மைக்கும் ஒன்றாக உடம்பில் பட்டு விறுவிறுத்தால் உடனே நிறுத்துங்கள்; அது ஒலிப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. இரைச்சல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடச் சொல்லும் மேதாவிகள் ஒவ்வொரு இசைக்குழுவிலும் ஒருவர் இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

போருக்குப் பின் கட்டிய எத்தனையோ வீடுகளில் எர்த் கம்பியை நட்டதோடு சரி, தடையை அளந்து பார்த்தவர் இல்லை. தாளில் மட்டும் கையெழுத்து இருக்கும். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், விழுந்தது, ஆகவே எர்த் சரி என்று நினைக்கிறார்கள். அந்தப் பொத்தான் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதை மட்டும்தான் காட்டும், எர்த் இருக்கிறதா என்பதைக் காட்டாது. பிக்கப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை நல்ல மின்னியலாளர் ஒருவருக்குக் கொடுத்து அதை அளந்துகொள்ளுங்கள்.

ஒன்றும் வாங்குமுன் இப்போதுள்ள ஹம்பக்கரின் உயரத்தைச் சரிபாருங்கள். முதல் தந்தியைக் கடைசிக் கட்டையில் அழுத்திப் பிடித்தால் தந்திக்கும் அடியிலுள்ள திருகுத் தலைக்கும் இடையில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். ஆறாம் தந்திக்கு சற்றுக் கூடுதலாக விடலாம். மலிவுக் கிற்றார்கள் பலவற்றில் இது நான்கு, ஐந்து வரை இறங்கிக் கிடக்கும், மெலிவுக்குப் பாதிக் காரணம் அதுவே. இரு பக்கத்துத் திருகையும் திருப்பி ஏற்றுங்கள். அம்ப்ளிபயரில் கெயினைப் பாதிக்குக் கீழே இறக்கி, நடுஸ்தாயியை ஏற்றுங்கள். ஏசி/டிசி ஒலியில் உடைப்பு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

அதன் பிறகும் மனம் ஆறவில்லை, புதியது வாங்கி நீங்களே பற்றவைக்கப் போகிறீர்கள் என்றால் கம்பி நிறத்தை நம்பிப் பூட்டாதீர்கள். சீமோர் டங்கன் நிறுவனத்தின் முறையில் கறுப்பும் வெள்ளையும் ஒரு சுருள், பச்சையும் சிவப்பும் மற்றது. கறுப்பு ஒலிக்கு, பச்சை எர்த்துக்கு, சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகச் சேர்த்து மூட வேண்டும். டிமார்சியோ முறையில் சிவப்பும் கறுப்பும் ஒரு சுருள், பச்சையும் வெள்ளையும் மற்றது. சிவப்பு ஒலிக்கு, பச்சை எர்த்துக்கு, கறுப்பும் வெள்ளையும் சேரும். போலிகள் இரண்டில் எதையும் பின்பற்றும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் அளந்து நான்கு கிலோ ஓம் அளவில் காட்டினால் முதல் முறை. சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் காட்டினால் இரண்டாவது. பூட்டிய பின் ஹம்பக்கரும் நடுப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் நிலையில் மட்டும் ஒலி தகரம் போல மெலிந்தால், ஒலிக்குப் போன கம்பியையும் எர்த்துக்குப் போன நிறக் கம்பியையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். உறையில்லாத வெறுங்கம்பி மட்டும் எர்த்திலேயே இருக்கட்டும்.