சமன்பாட்டுக்கு விடை எங்கே?

கேள்வி: சாதாரண தரத்தில் படிக்கும் என் மகள் கணிதத்தில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கிறாள், விஞ்ஞானத்தில் இரசாயனச் சமன்பாட்டைச் சமப்படுத்துகிறாள். “இரண்டுக்கும் ஒரே பெயர் ஏன்? இரசாயனச் சமன்பாட்டுக்கு விடை எங்கே?” என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி. எல்லாச் சமன்பாடுகளும் இரண்டு பக்கங்கள் சமம் என்றுதான் கூறுகின்றன. எது சமம், எப்போது சமம் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. 1557 இல் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கோர்ட் சமக்குறியை அறிமுகப்படுத்தியபோது, இரண்டு சமாந்தரக் கோடுகளைவிடச் சமமான வேறு இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று காரணம் கூறினார்.

ஓர் எண்ணின் வர்க்கத்தோடு 6 ஐக் கூட்டினால் அவ்வெண்ணின் 5 மடங்கு வரும் என்பது 2, 3 ஆகிய எண்களுக்கு மட்டுமே உண்மையாகும். ஆகவே அதைத் தீர்க்கிறோம். எந்த எண்ணைப் பிரதியிட்டாலும் உண்மையாக இருப்பது சர்வசமன்பாடு. அதில் தீர்ப்பதற்கு எதுவும் இல்லை. விசை என்பது திணிவு, ஆர்முடுகல் ஆகியவற்றின் பெருக்கம் என்னும் சமன்பாடோ, அளக்கப்படும் கணியங்களுக்கு இடையில் இயற்கையில் உள்ள தொடர்பைக் கூறுகிறது.

இரசாயனச் சமன்பாட்டுக்கும் விடை உண்டு. குறியீடுகளுக்கு முன்னால் எழுதும் எண்களே அந்த விடை. சமையல் எரிவாயுவிலுள்ள புரொப்பேன் முழுமையாக எரிவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு மூலக்கூறில் 3 காபன் அணுக்களும் 8 ஐதரசன் அணுக்களும் உள்ளன. எந்த அணுவும் புதிதாகத் தோன்றாது, அழியவும் மாட்டாது என்பதால், 3 காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளும் 4 நீர் மூலக்கூறுகளும் உண்டாக வேண்டும். அவற்றில் இருக்கும் ஒட்சிசன் அணுக்கள் 6 உம் 4 உமாக மொத்தம் 10; எனவே 5 ஒட்சிசன் மூலக்கூறுகள் தேவை. மகள் இங்கே செய்வது, ஒவ்வொரு மூலகத்துக்கும் ஒன்றாக மூன்று ஒருங்கமை சமன்பாடுகளை, அதாவது ஒரே நேரத்தில் உண்மையாக வேண்டிய சமன்பாடுகளை, தீர்ப்பதுதான். பெயர் மட்டுமன்றி வேலையும் ஒன்றே என்பதை, இரண்டு பாடங்களையும் தனித்தனியே கற்பிக்கும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தவறிவிடுகிறோம்.

உயர்தரத்தில் அவள் வகையீட்டுச் சமன்பாட்டைச் சந்திக்கக்கூடும். ஒரு கணியம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைக் கூறும் சமன்பாடு அது. கோப்பையிலுள்ள தேநீர் அறையைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ, ஏறத்தாழ அந்த வித்தியாசத்துக்கு விகிதசமமான வேகத்தில் ஆறுகிறது. 30 பாகை அறையில் 90 பாகையில் ஆறும் வேகம், 60 பாகைக்கு வரும்போது பாதியாகிவிடும். இச்சமன்பாட்டின் விடை ஓர் எண்ணன்று. ஒவ்வொரு கணத்திலும் தேநீரின் வெப்பநிலையைக் காட்டும் வளையி.

இப்போதைக்கு, 4 காபனும் 10 ஐதரசனும் கொண்ட பியூட்டேனைச் சமப்படுத்தச் சொல்லுங்கள். ஒட்சிசன் ஆறரை மூலக்கூறு என வரும். அப்போது எல்லா எண்களையும் ஏன் இரட்டிக்கிறோம் என்பதை அவளே தங்களுக்கு விளக்கட்டும்.