உப்புப் பூத்த சுவரும் ஒரு சுத்தியலும்

கேள்வி: கடலோரத்தில் அமைதியான சிற்றூர். தாத்தா கட்டிய முன்கட்டு சுண்ணாம்புச் சுவர், மேலே மரச்சட்டம் போட்ட கூரை. பின்னால் அப்பா கட்டிய இரண்டு கான்கிரீட் அறைகள். அம்மா காலமான பிறகு இரண்டு வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. விற்கலாம் என்று முடிவு செய்துவிட்டோம். சுவர் முழுக்க உப்புப் பூத்திருக்கிறது. சிமென்ட் பூசி பெயின்ட் அடித்துவிட்டால் நல்ல விலை போகும் என்கிறான் தம்பி. முன்கட்டை இடித்துவிடலாம் என்கிறார் அக்கா. என்ன செய்வது?

பதில்: முதலில் தம்பியிடம் சொல்லுங்கள், சிமென்ட் வேண்டவே வேண்டாம். இந்த வேலைக்கு வருவதற்கு முன் எங்கள் வீட்டை விற்றபோது நானும் அதைத்தான் செய்தேன். பளிச்சென்று பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். முதல் மழைக்காலத்திலேயே சுவர் கொப்பளித்துவிட்டது. வாங்கிய பெண் போனில் கோபப்படவில்லை. "குழந்தை உதிர்ற தூளைத் தொட்டுத் தொட்டு வாயில வைக்குது, என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டார். இருபது வருடம் ஆகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழையே பெய்யாத நாளிலும் கடலோரச் சுவர் நசநசவென்று இருப்பது அதனால்தான். காயும்போது அதே உப்பு படிகமாகி, மேல்பூச்சை உள்ளிருந்து தள்ளும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உப்பு உள்ளேயே தங்கி செங்கல்லை அரிக்கத் தொடங்கும்.

அதனால் ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு வீட்டை நன்றாகக் காற்றாட விடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, தூளை அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடித்தால் போதும்.

அக்கா இடிக்கச் சொல்லும் முன்கட்டுதான் அந்த வீட்டின் நல்ல பாகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சுண்ணாம்புச் சுவருக்குள் துருப்பிடிக்கக் கம்பி இல்லையே! சட்டங்களின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் மட்டும் கூர்மையான ஆணியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குக் கவலை பின்னால் இருக்கும் அறைகளைப் பற்றித்தான். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கி ஒருநாள் கம்பியைத் தொடும். துரு, அது தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளந்து உதிர்கிறது. கம்பி ஓடும் வழியிலேயே நேர்கோடாக விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அதுதான் காரணம்.

ஒரு சின்ன சுத்தியலை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி, சீலிங்கைச் சாண் சாணாகத் தட்டிப் பாருங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும். உள்ளே பிளந்து விட்டுப்போன இடம் பொத்பொத்தென்று கேட்கும். அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஏற்கெனவே விரிசல் விட்டுத் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள்.

வட்டம் நாலைந்தோடு நின்றால், கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவைச் சுத்தமாக எடுத்துப் பழுதுபார்க்கலாம். மேலோட்டமாகப் பூசி மூடினால் பக்கத்துக் கம்பி துருப்பிடிக்கும். வட்டங்கள் சீலிங் முழுக்க வந்தால் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இடிப்பதானால் அந்த அறைகளைத்தான் இடிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், வீடு பார்க்க வருகிறவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள். முன்கட்டில் உட்காரவைத்துப் பேசுங்கள். பிறகு பின்னால் கூட்டிப்போய் அந்தச் சாக்பீஸ் வட்டங்களைக் காட்டுங்கள். சுத்தியலையும் அவர்கள் கையில் கொடுங்கள்.